கிரகணத்தன்று பிடித்த கத்திரி

கிரகணத்தன்று கர்ப்பிணி கத்திரி பிடித்தால் பிள்ளைக்குக் குறை வரும் என்கிறீர்களே, எந்தக் கத்திரி என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

பட்டினப்பாக்கம் ஜோதிலட்சுமிக்கு விடை தெரியும். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் எட்டு வருடமாகப் புடவை மடிப்பவள் அவள். வாங்க வருபவர்கள் கேட்டால் ரவிக்கைத் துண்டைக் குறி பார்த்து வெட்டியும் தருவாள். ஏழு மாதக் கர்ப்பத்தில், கிரகண நாளன்று ஒரு பட்டுப்புடவையின் வெட்டுக்குறி மடிப்புக்குள் மறைந்துகொண்டது. அடுத்த கோட்டைக் குறி என்று நினைத்துக் கத்திரி வைத்தாள். புடவையிலும் ஒரு முழம் போயிற்று.

"ஏளா, எங்க பாத்துட்டு வெட்டுத?" என்று கத்தினார் மேற்பார்வையாளர் அய்யாதுரை.

பிறந்த பெண் சிந்துவுக்கு ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றவில்லை. மீன் விற்கும் மாமியார் தாயம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள்: "கிரகணத்துல கத்திரி புடிச்ச கை. இனிமே கொழந்தையத் தொடாதே!" அன்றிலிருந்து சிந்து பாட்டியின் இடுப்பில். பெற்றவள் எட்ட நின்று பார்க்க வேண்டும். தாய்மேல் பழி போட மட்டும் இந்த ஊரில் யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

அடையாறு மருத்துவமனையில் சிந்துவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் ஷண்முகப்ரியா எல்லாரையும் உட்காரவைத்தார். "உடம்புல கத்திரி இருக்கும்மா. மரபணுவைப் பாத்து ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நாடா எழுதப்படும். அதுல வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டினாத்தான் புரதம். வெட்டு மாறினா சரக்கும் மாறும். சிந்துவுக்கு முக்கியமான ஒரு மரபணு இல்லை. மாத்து மரபணு இருக்கு, ஆனா அதுல ஒரு எழுத்து வேற. போதாக்குறைக்கு நாடா தானா மடங்குது, அந்த மடிப்புல..."

"குறி மறைஞ்சிடுதா?" ஜோதிலட்சுமி எழுந்துவிட்டாள்.

"அதேதான்! நாடாவுல வேண்டிய ஏழாவது துண்டு பெரும்பாலும் விட்டுப்போகுது. தசைக்கு வலு இல்லை. அதை விடாம சேத்து ஒட்டவைக்க இப்ப மருந்து வந்திருக்கு."

தாயம்மா விடவில்லை. "அப்போ கிரகணத்துல இவ புடிச்சது இன்னாவாம்?"

"அது துணிக்கத்திரி. உள்ள இருக்கறது கிரகணத்துக்கு லீவு போடாது. உங்க உடம்புலயும் இப்ப வெட்டிக்கிட்டுதான் இருக்கு. குறை வந்தது அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேந்தும் பாதிப் பாதி."

தாயம்மா மகன் மதிவாணனைப் பார்த்தாள். "இன்னாடா, நீ எப்போ கத்திரி புடிச்சே?"

"நான் இன்னா பண்ணேன்? எனக்கு உன்னாண்டேந்தோ நைனாவாண்டேந்தோ வந்துகீது" என்றான் மதிவாணன்.

டாக்டர் தலையாட்டினார். தாயம்மா இடுப்பிலிருந்த சிந்துவை மருமகளிடம் நீட்டினாள். "இந்தா, புடி. கனமா கீறா."

அடுத்த கிரகணம் வரும். உங்கள் வீட்டுக் கர்ப்பிணியை அறைக்குள் பூட்டாதீர்கள். கதவைத் திறந்துவிடுங்கள், கத்திரி கேட்டால் எடுத்துக் கொடுங்கள்.