ஆணியில் தொங்கிய இடதுகைத் துப்பாக்கி

ரூடி கின்னுனென் கடைக்கு வந்து, இடதுகைக்காரர்கள் சுடுகிற ரைஃபிள் ஒன்றை வரவழைத்துத் தரச் சொன்னபோது நான் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தேன். தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"நீ வலதுகைக்காரன்தானே? உனக்கெதுக்கு இது?"

"ஒரு கஸ்டமருக்கு."

"எந்தக் கஸ்டமர்?"

"ஒரு ஆளு."

"ஆளுன்னு தெரியாமலா கேக்கறேன்? கரடியா வந்து துப்பாக்கி கேக்கப் போகுது?"

"இருக்கறதுலயே மலிவானதாப் பாத்து வரவழை வில்மா," என்றான். காது இரண்டும் சிவந்துவிட்டன. ரூடிக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே வராது.

அந்தக் கஸ்டமர் யாரென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வலது கண் போய், இனி இடது தோளில் வைத்துத்தான் சுட முடியும் என்று ஆன வேட்டைக்காரர் ஒருவர்தான். ரூடியின் அண்ணன் ஆர்வோ.

ரூடி இரும்புச் சுரங்கத்துப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தியை மனதில் வைத்திருந்தான் என்பார்கள். கேட்டால்தானே கிடைக்கும், கேட்கவில்லை. அவள் மில்வாக்கிக்குப் போய்விட்டாள். பனி மூடிய கராஜில் உட்கார்ந்து, தொழிற்சாலையிலிருந்து வரும் மலிவுத் துப்பாக்கிகளைப் பிரித்து, குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டையை மாற்றி, விசை மாற்றி, ஆளுக்கு அளவெடுத்துச் செய்து கொடுப்பதுதான் அவன் பொழுது. ரேடியோகூடப் போடமாட்டான். நான் இறைச்சியும் கிழங்கும் வைத்துப் பேஸ்டி சுட்டால் இரண்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் லெனர்ட் போன பிறகு எனக்கும் ஒருத்திக்காக மாவு பிசையப் பிடிப்பதில்லை.

வேட்டைக்குத் தங்க ரூடியின் அப்பா கட்டிய கேம்ப் ஒன்று, மரக்கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்த காட்டுக்குள் இருக்கிறது. மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை, பக்கத்தில் நீராவிக் குளியலுக்கு ஒரு சவுனா. நவம்பரில் மான் வேட்டை திறக்கும் நாளில் ஊர் ஆண்களெல்லாம் அவரவர் கேம்ப்புக்குப் போய்விடுவார்கள், பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. கின்னுனென் கேம்ப்பில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆளுக்கோர் ஆணி. வந்ததும் துப்பாக்கியை அதில் மாட்டுவார்கள். ஒரு காலத்தில் ஆறு ஆணியிலும் துப்பாக்கி தொங்கியது. லெனர்டுடையதும் அதில் ஒன்று. சிலர் செத்தார்கள், சிலர் குளிர் தாங்காமல் அரிசோனாவுக்குப் போனார்கள். கடைசியில் அண்ணன் தம்பி இருவரே மிஞ்சினார்கள். பிறகு ஆர்வோவின் கண் போனது. அந்த வருஷம் அவர் சுட்ட மான் சாகாமல் காயத்தோடு ஓடிப்போக, இருட்டும்வரை ரத்தத்தைத் தேடியலைந்து, வெறுங்கையோடு திரும்பினார். துப்பாக்கியை யாருக்கோ கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அதோடு ரூடி தனி, சில வருஷமாகவே.

"போய்க் கூப்பிடேன்டா" என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் கேம்ப்புக்கு யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள். ஒருவனை அவனுடைய சொந்த கேம்ப்புக்கே வாவென்று அழைத்தால், நீ இங்கே விருந்தாளி என்று சொன்னதாக ஆகும். கண் போன மனிதரை அழைத்தால் அதைவிட மோசம், பாவம் பார்க்கிறார்கள் என்றாகிவிடும். வருகிறவன் வருவான். வராதவன் வரமாட்டான். இந்த இழவு வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வாயில் மண்.

துப்பாக்கி வந்து சேர்ந்தது. பேஸ்டியோடு கராஜுக்குப் போனபோது ரூடி அதைப் பாகம் பாகமாகப் பிரித்து ஒரு பழைய போர்வையில் பரப்பி வைத்திருந்தான். எந்தத் துப்பாக்கியையும் எடுத்த எடுப்பில் சுட்டுப் பார்க்கிற ஆள் இல்லை அவன். தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுபிசுப்பைத் துடைத்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பான். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை முன்னும் பின்னும் தள்ளி எங்கே உரசுகிறது என்று காது கொடுத்துக் கேட்பான். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுப்பான். நோட்டு எங்கேயாவது மாட்டினால், அங்கே கட்டை குழலைத் தொடுகிறது, சுடச்சுடத் தோட்டா விலகும் என்று பொருள். அன்றைக்கு நோட்டு பாதியிலேயே மாட்டிக்கொண்டது.

"இது தேறுமா?" என்றேன்.

"குழல் நல்ல குழல். இரும்பும் நேராக் கடைஞ்சிருக்கான். மத்ததெல்லாம் சோப்பு டப்பா. கட்டையப் பாரு, பிளாஸ்டிக்கு; கையால அமுக்கினா போய்க் குழல்ல ஒட்டிக்குது. விசைய இழுக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும்."

"அப்ப திருப்பி அனுப்பிடவா?"

"ஏன்? அஸ்திவாரம் நல்லாருக்கே. மேல வீட்ட நாம கட்டிக்கலாம். விலையுசந்ததை வாங்கினாலும் கட்டைய நான் கழட்டித்தான் போடப்போறேன்." அதற்கு மேல் அவனிடமிருந்து பேச்சு வராது என்று நினைத்து எழுந்தேன். ஆனால் வந்தது. "வில்மா, போன வருஷமும் கேம்ப்புல உருளைக்கிழங்கு வேகவச்சேன். பழக்கத்துல ரெண்டு பேருக்கு வச்சுட்டேன். மிச்சத்தை முழிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்த வருஷமும் தனியாத்தான்னா, இடத்தை மரக்கம்பெனிக்கே திருப்பிக் குடுத்துடுவேன். என்னால முடியல."

"பேஸ்டி ஆறுது, தின்னு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. இடது தோளுக்கான துப்பாக்கியை வலதுகைக்காரன் எப்படிச் சோதிப்பான்? ஆகவே ரூடி அண்ணனிடம் போனான். கேம்ப்புக்கு வாவென்று அழைப்பதுதான் குற்றம். ஒரு கை உதவி கேட்பது குற்றமில்லை. சுடும் மைதானத்துக் கேட்டின் சாவி லெனர்ட் காலத்திலிருந்து என்னிடம் இருப்பதால், நானும் போய்த் திறந்துவிட்டு நின்றேன்.

ஆர்வோ துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது, பொம்மைக் கடையில வாங்கினியா?"

"கஸ்டமர் குடுத்ததுண்ணே. இதை வச்சுக் கட்டலாமா வேணாமான்னு நீதான் சொல்லணும்."

"நான் என்னத்தடா சொல்றது, ஒத்தைக் கண்ணன்?"

"கஸ்டமருக்கும் வலது கண்ணு இல்ல."

ஆர்வோ மேசைமுன் உட்கார்ந்து இடது தோளில் வைத்தார். கன்னம் கட்டையில் நிற்காமல் வழுக்கியது. முதல் தோட்டா இலக்கு அட்டையையே தொடவில்லை. "போச்சு, உன் கஸ்டமர் பட்டினிதான்," என்றார். குழல் ஆறட்டும் என்று காத்திருந்து அடுத்ததைச் சுட்டார். பிறகு இன்னொன்று. மெல்ல மெல்ல அவர் முதுகு நேரானதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சுட்டவையெல்லாம் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. மனிதர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"குழல் பொய் சொல்லல," என்றார். "கட்டு, தாராளமாக் கட்டு. ஆனா கன்னம் வைக்கிற இடத்தை ஒரு விரல் உசத்து. கட்டையோட நீளத்தைக் குறை. மேல குளிர் கோட்டு போட்டிருப்பான்ல. விசைய எளக்கு, ரொம்ப எளக்கிடாத, கிழவன் கை நடுங்கும்."

ரூடி பென்சிலால் பிளாஸ்டிக் கட்டையில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தான். அண்ணன் கன்னம், அண்ணன் தோள், அண்ணன் விரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

கிளம்பும்போது ஆர்வோ கேட்டார்: "யாருடா அந்தக் கஸ்டமர்? தனியா காட்டுக்குப் போறவனா?"

"இல்ல. கூட ஆளு இருக்கு."

"குடுத்து வச்சவன்," என்றார் ஆர்வோ. "கண்ணு போனப்புறமும் அவனை வேணும்னு எவனோ நெனக்கிறான் பாரு."

ரூடியைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறடா தடியா என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் காலி தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அதன்பின் கராஜ் விளக்கு தினமும் எரிந்தது. செர்ரி மரத்தில் புதுக் கட்டை செதுக்கினான். டாலர் நோட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடையில்லாமல் ஓடியது. போல்ட் வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. வேட்டை திறப்பதற்குச் சில நாள் முன்பு கடைக்கு வந்து, "முடிஞ்சிருச்சு வில்மா," என்றான். அத்தனை சந்தோஷம் முகத்தில்.

"அண்ணன்கிட்ட குடுத்துட்டியா?"

"கையில குடுத்தா கூப்பிட்ட மாதிரி ஆயிடுமே. கேம்ப்புல அவர் ஆணியில மாட்டிட்டேன். வந்ததும் பாப்பாரு."

"அட மடையா!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த பாதிரியார் மனைவி பெயின்ட் டப்பாவைக் கீழே போட்டாள். "அதைப் பாத்தாத்தான்டா வருவாரு! வராத மனுஷன் எப்படிப் பாப்பாரு?"

ரூடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கோணத்தில் அவன் யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது. "வந்தா பாப்பாரு," என்று மறுபடி முணுமுணுத்துவிட்டுப் போனான். மறுநாளே தனியாகக் காட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

வேட்டை திறந்த அன்று காலை ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. நான் காபியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது ஆர்வோ வந்தார். குருவித் தீனி வேண்டுமாம். மூட்டை காலடியிலேயே இருந்தது, எடுக்கவில்லை. ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கஸ்டமர், ரூடியோட கேம்ப்புக்குத்தான் போயிருக்கானா வில்மா?"

"எந்தக் கஸ்டமர்ண்ணே?"

"அதான், அந்த ஒத்தைக் கண்ணன். கூட ஆளு இருக்குன்னானே. அந்த ஆளு ரூடிதான் போலருக்கு." மூட்டையைக் காலால் நகர்த்தினார். "என் ஆணியிலதான் மாட்டுவான், இல்ல? மாட்டட்டும். காலியாத்தானே கெடக்குது." குரல் உடைந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேர் தலையையும் சேர்த்து மோதவேண்டும் போலிருந்தது. ஆனால் நானும் இந்த ஊர்க்காரிதானே. நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தோட்டாப் பெட்டியை எடுத்தேன். "ரூடி இதை மறந்து வச்சுட்டுப் போயிட்டான்ண்ணே. தோட்டா இல்லாம என்ன பண்ணுவான்? பாதை பனியா இருக்கு, நான் வண்டி ஓட்டறேன். நீங்க வழி காட்டுங்க." வழி எனக்குத் தெரியாததல்ல. கடையை இழுத்துப் பூட்டினேன்.

கேம்ப்பில் ரூடி இல்லை, காட்டுக்குள் போயிருந்தான். அடுப்பில் கணப்பு மட்டும் இருந்தது. மேசையில் இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. ஆர்வோ அந்தத் தட்டுகளைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். தயங்கித் தயங்கிப் போய்த் தன் ஆணியில் தொங்கிய துப்பாக்கியை எடுத்து, காலிதானா என்று திறந்து பார்த்து, இடது தோளில் வைத்தார். கோட்டு போட்டிருந்தார். கன்னம் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. நெடுநேரம் எடுக்கவே இல்லை. கட்டையில் ஈரம் பட்டதைக் கைக்குட்டையால் துடைத்தார்.

ரூடி பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இத்தனை வருஷம்டா," என்றார் ஆர்வோ. கத்தவில்லை. "இத்தனை வருஷமும் ஜன்னல் பக்கத்துல கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா துப்பாக்கியே இல்லாம வந்திருப்பேனே. வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டு உக்காந்திருப்பேனே."

"நம்ம இடத்துக்கே எப்படிண்ணே வான்னு கூப்பிடறது?"

"வாயாலடா," என்றார் ஆர்வோ. துப்பாக்கியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். கோட்டைக் கழற்றினார். "கத்தி எங்க இருக்கு? பழைய எடத்துலதானா?"

ரூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் விறகு வைத்தான். தோள் குலுங்கியது. தோட்டாப் பெட்டியை மேசையில் வைத்தேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை. சுவரில் நான்காவது ஆணிக்குக் கீழே லெனர்ட் தன் பெயரைக் கத்தியால் கீறி வைத்திருந்தார். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நான் உள்ளே வந்து பார்த்ததில்லை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

வண்டியைக் கிளப்பும்போது ரூடி பின்னாலேயே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன். உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை அவன் சட்டையில் இருந்தது. வாயைத் திறந்தான், மூடினான். காது இரண்டும் சிவந்தன.

"பாதை வழுக்கும், பாத்துப் போ வில்மா," என்றான்.

"சரி," என்றேன். இன்னொரு வார்த்தை வருமா என்று இன்ஜினை ஓடவிட்டபடி கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனதும் கிளம்பினேன்.