ஈசான மூலைக் குழி

என்னைப் பெண் கொடுப்பதற்கு முன்னால் என் அப்பா மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை. கிணற்றைத்தான் பார்த்தார். ராஜபாளையத்துக்கு வெளியே, வில்லிபுத்தூர் போகும் சாலையை ஒட்டிய அந்தச் சலவைப் பட்டறை வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் எழுந்து போய், வாளியை இறக்கி, ஒரு கை அள்ளிக் குடித்தார். திரும்பி வந்து, "பொண்ணு கொடுக்கேன்" என்றார். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கு இதில் கடைசிவரை வருத்தம்தான்.

அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்களுக்கு ஆலங்குளம். சுண்ணாம்புக்கல் கிடக்கிற பூமி. கிணற்றில் ஊறுவதும் அப்படித்தான் இருக்கும். துவரம்பருப்பைக் காலையில் அடுப்பில் ஏற்றினால் மத்தியானம் வரைக்கும் கொட்டை கொட்டையாகக் கிடக்கும். சோப்பு நுரைக்காது. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். அங்கே வளர்ந்த நான், புகுந்த வீட்டில் முதல்நாள் பருப்பு வைத்துவிட்டு மத்தை எடுத்து வருவதற்குள் அது குழைந்து கிடந்ததைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். சந்தோஷ அழுகைதான். எண்பதுகளில் எனக்கு நடந்த நல்லது எது என்று கேட்டால் அந்தப் பருப்பைத்தான் சொல்வேன்.

அப்பா மாதம் ஒருமுறையாவது வருவார். என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் கையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருக்கும். திரும்பும்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறுவார். அம்மாவுக்கு அந்தத் தண்ணீரில் போட்டால்தான் காப்பி. "என்ன பெரியவரே, சம்பந்தி வீட்டுச் சீரா?" என்று கண்டக்டர் கேலி செய்வாராம். "ஆமா, வருஷம் பூரா செய்தாக" என்பாராம் அப்பா.

எங்கள் வீட்டில் கம்பெனி என்றால் ஒரே ஒரு கம்பெனிதான். மருத்துவத் துணி ஏற்றுமதி செய்கிற பெரிய இடம். தறிகளிலிருந்து வரும் காடாத்துணியைக் காரம் போட்டு அவித்து, பிளீச்சிங்கில் ஊறவைத்து, அமிலத்தில் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, வெள்ளை வெளேரென்று காயவைத்து அவர்களுக்குக் கொடுப்போம். அவர்கள் அதை வெட்டிச் சுருட்டி, காயத்துக்குக் கட்டுகிற துணியாகக் கப்பலேற்றுவார்கள். எங்களைப் போல அந்தச் சாலையில் வரிசையாகப் பட்டறைகள். எல்லோரும் அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் அடுப்புப் பற்றவைத்தோம்.

அலசிய தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாகப் பின்புறத்து ஓடையில் போய் விழும். ஓடையில் மீன் கிடையாது, தவளை கிடையாது. கரைப்புல் வெளிறிக் கிடக்கும். அந்த நெடி எங்களுக்குப் பழகிப்போயிருந்தது; விருந்தாளிகள்தான் மூக்கைப் பொத்துவார்கள். மலையில் மழை பிடித்து அய்யனார் கோவில் பக்கமிருந்து வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். மறுநாள் நாங்கள் மறுபடியும் ஆரம்பிப்போம். இதில் தப்பு இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஓடை எங்கே போய்ச் சேர்கிறது என்று நாங்கள் யாரும் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மெட்ராஸ்காரர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், வேலையாட்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்காததற்குக் காரணமே அதுதான்.

வெளிநாட்டுக்காரர்கள் இப்போது துணியை மட்டும் பார்ப்பதில்லை, துணி வெளுக்கிற இடத்தையும் பார்க்கிறார்கள் என்றார். "காயத்துக்குக் கட்டற துணி இன்னொரு இடத்தைப் புண்ணாக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. நியாயம்தானே? இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூட உங்க காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா கம்பெனி உங்ககிட்ட துணி வாங்காது." பேசி முடித்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தண்ணிக்காகவே திரும்ப வரலாம்மா" என்றார். சொன்னபடி வந்தார். ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெளியே போகக் கூடாது என்றால் தண்ணீர் உள்ளே நிற்க வேண்டும். நிற்பதற்கு ஒரு குழி வேண்டும். எங்கள் பக்கத்தில் மனையடி சாஸ்திரம் பார்க்காமல் ஒரு கடப்பாறை தரையில் இறங்காது. வில்லிபுத்தூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார் என் வீட்டுக்காரர். அவர் நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, தண்ணீர் நிற்பதென்றால் ஈசான மூலையில்தான் நிற்கலாம் என்று வடகிழக்கைக் காட்டினார். அங்கேதான் எங்கள் கிணறும் இருந்தது. கிணற்றை அங்கே தோண்டியதற்கும் அதே சாஸ்திரம்தான் காரணம்.

கொத்தனாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "அண்ணாச்சி, செத்த நேரம் யோசிங்க. இது தண்ணியா, கழிவா? கழிவுன்னா வாயு மூலைல்லா வரணும்? கக்கூசுத் தொட்டிய அங்கதான வச்சிருக்கோம்."

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "நமக்குச் சோறு போடுத தண்ணியப் போயி கழிவுங்கீரே! அதுல லட்சுமி இருக்கா. கக்கூசு பக்கத்துலயா கொண்டுபோயி வைக்கச் சொல்லுதீரு?"

வியாபாரம் நடக்கிற இடத்தில் லட்சுமி என்ற வார்த்தைக்கு எதிர்வார்த்தை கிடையாது. கிணற்றுக்கு இவ்வளவு பக்கத்திலா என்று நான் கேட்டேன். "நடுவுல தென்னை நிக்கில்லா" என்றார். மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் அறுத்து, குழி தோண்டினார்கள். சிமெண்ட் பூசவில்லை. பூசச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. தண்ணீர் காம்பவுண்டை விட்டு வெளியே போகிறதா என்பதுதான் கம்பெனியின் கேள்வி. போகவில்லை. எங்களைப் பார்த்து அந்த வரிசையில் எல்லாப் பட்டறைக்காரர்களும் தோண்டினார்கள். எல்லோருக்கும் ஈசான மூலை ஒன்றுதானே.

முதல் வருடம் ஓடை தெளிந்தது. அதை மறைக்கக் கூடாது. கரை பச்சை பிடித்தது, கொக்கு வந்து நின்றது. அதிகாரி அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. குழி நிரம்பவே இல்லை. நாள் முழுக்கத் துணி அலசிக் கொட்டுவோம். விடிந்து பார்த்தால் இறங்கியிருக்கும்.

"எம்புட்டு ஊத்துனாலும் வாங்கிக்கிடுது பாத்தியா? எல்லாம் வெயிலு குடிச்சிருது" என்பார் என் வீட்டுக்காரர்.

ஐப்பசியில் மழை பிடித்து வெயிலே காணாமல் போன நாட்களிலும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வெயில் குடிக்கவில்லை என்றால் யார் குடிக்கிறார்கள்?

அதற்கப்புறம் தெருவில் பருப்பு வேகாமல் போனது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து மளிகைக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய பருப்பைத் தலையில் கட்டுகிறார் என்று ஒருத்தி ஆரம்பிக்க, அவர் சத்தியம் செய்ய, கடைசியில் தெருவே கடையை மாற்றியது. புதுக்கடைப் பருப்பும் வேகவில்லை. நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. என் வீட்டு அடுப்படியில் நின்று, கரண்டியால் ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்தேன். நசுங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தப் பருப்பை எனக்குத் தெரியும். அது ஆலங்குளத்துப் பருப்பு. அதைத் தாண்டித்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏட்டி, வெளிய எங்கயும் வாயத் தொறந்துராத" என்றார். "கம்பெனி காதுல விழுந்தா அம்புட்டுதான். ஈசான மூலைத் தண்ணி எங்கயாவது கெடுமா?" அவர் குரல் அதட்டுகிற மாதிரி இருந்தது. கண் அப்படி இல்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று புரிந்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது.

அடுத்த பட்டறைக்காரர் மனைவி தெலுங்குக்காரி. என்னை அண்ணி என்பதற்கு வதினா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் காலையில் மதில் மேலாகக் கூப்பிட்டாள். "வதினா, இங்க வந்து பாருங்களேன். ரெண்டு நாளா பசு தண்ணி குடிக்க மாட்டேங்குது." எட்டிப் பார்த்தேன். பசு தொட்டியில் முகத்தை வைத்து மோந்தது. அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு எங்களைப் பார்த்தது. தாகத்தில் நாக்கு வெளியே தள்ளியிருந்தது. எங்கள் பக்கத்தில், கிணற்றுக்குக் காவல் என்று சொல்லப்பட்ட தென்னை, காய் பிடிக்காமல் குரும்பையாகவே உதிர்த்துக்கொண்டிருந்தது.

அந்த மாதம் அப்பா கேனோடு வந்தார். மோட்டார் ரிப்பேர் என்று சொல்லி நகராட்சிக் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். அதற்கடுத்த மாதம் கிணறு தூர்வாருகிறோம் என்றேன். அப்பா கேனை வாங்கிக்கொண்டு என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். தெருவெல்லாம் கூட்டித் தெளித்து, குழிக்கு மாலைகூடப் போட்டிருந்தார்கள். பொறுப்பாக நடந்துகொள்கிற பட்டறை என்று கம்பெனி எங்களுக்கு ஒரு குத்துவிளக்குக் கொடுத்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி வழக்கம்போல் என் பக்கம் திரும்பி, "அம்மா, நம்ம தண்ணி?" என்றார்.

அடுப்படியில் இரண்டு குடங்கள் இருந்தன. ஒன்று குழாய்த் தண்ணீர், ஒன்று பாத்திரம் கழுவ எடுத்து வைத்த கிணற்றுத் தண்ணீர். எனக்கு வீம்பு வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரையே மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டே குழியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், நடுவிலிருந்த மொட்டைத் தென்னையைப் பார்த்தார். திரும்பிப்போய்ச் செடியோரம் துப்பிவிட்டு, என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இதை ஏங்க இங்க தோண்டினீங்க?"

"ஈசான மூலை சார்."

"மத்த பட்டறையில எல்லாம்?"

"எல்லாருக்கும் ஈசான மூலைதான் சார். அத மாத்த முடியாதுல்லா."

அதிகாரி மதில் ஓரமாக நடந்துபோய் அடுத்த காம்பவுண்டை எட்டிப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் அதே மூலையில் ஒரு கிணறு, அதன் பக்கத்தில் ஒரு குழி. திரும்பி வரும்போது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் புகைப்படத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். பக்கத்தில் நிற்கிற அதிகாரி கேமராவைப் பார்க்கவில்லை.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. என்ஜினீயர்கள் வந்தார்கள். குழிகளை இறைத்து மூடி, வேறு இடத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி செய்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் கம்பெனி அதற்குப் பிறகு பார்த்தது. செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தார்கள். ஆனால் பூமிக்குள் போனதைத் திரும்ப எடுக்க யாருக்கும் வழி தெரியவில்லை. கிணற்றை அடிவரைக்கும் இறைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஊறி வந்தது அதே தண்ணீர்தான். போகப் போக அதில் பிளீச்சிங் நெடியும் வந்தது. துணி அலசுவதற்கே வ.புதுப்பட்டி ஊர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. அந்த லாரியைப் பார்க்கும்போதெல்லாம், இனி அந்தக் கிணறுகளுக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பதறும்.

அப்பாவிடம் சொல்லப் பொய் எதுவும் மிச்சமில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது நான் தடுக்கவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது நடந்த மாதிரியே நேராகக் கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கினார். ஒரு கை அள்ளி வாயில் விட்டார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துவிட்டு, காலிக் கேனை மூடி, சாப்பிடக்கூட உட்காராமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். என்மேல் கோபமோ என்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

மறுவாரமே வந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து கையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். கேன் நிறைந்திருந்தது. அதை அடுப்படியில் இறக்கி வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"நம்ம ஊர்த் தண்ணி உப்புதான் தாயி" என்றார். "ஆனா வெறும் உப்புதான். பயப்படாம குடி."

அன்று அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வைத்தேன். வேகவில்லை. கொட்டை கொட்டையாக இருந்ததை நானும் அப்பாவும் அப்படியே சாப்பிட்டோம்.