அத்தையின் ஸ்பானரும் ஆயுத பூஜையும்

இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. சுண்டல் நினைவெல்லாம் அதற்குப் பின்னால்தான். சாமி மேல் கோபமில்லை. அப்பா மேல், அத்தை மேல், அப்புறம் பத்து வயதில் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்த என் மேல்.

அப்போது ஜனக்புரியில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு வங்கி வேலை. அப்பாவின் தங்கையான அத்தை குர்காவ்னில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். முப்பத்தோரு வயது. சேர்த்த பணத்தில் நகை வாங்குவாள் என்று வீடே காத்திருந்தது. அவளோ இரண்டே சீட் உள்ள பழைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் நான் காருக்குள்ளேயே குடியிருந்தேன்.

காரில் ஒரு குறை இருந்தது. இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புக் குழாய் விரிசல் விட்டிருந்தது. ஸ்டார்ட் செய்தால் டபடபவென்று தெருவே எழுந்து உட்காரும். அத்தை இரண்டு ஒர்க்‌ஷாப்களுக்குப் போனாள். இரண்டிலும் மெக்கானிக் அவளைத் தாண்டி அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்து, "பையா நஹீ ஆயே?" என்று கேட்டானாம். கூட ஆண் துணை வரவில்லையா என்று அர்த்தம். அன்றைக்கே அத்தை கார் சாமான் கடைகள் நிறைந்த காஷ்மீரி கேட் போய், அந்தக் குழாய்க்குப் பதிலாக மாட்டும் புது ஹெட்டரும் ஒரு பெட்டி ஸ்பானரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான்கு எஃகுக் குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும் அந்தச் சாமானை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கொலுவுல வச்சிரலாமே" என்றாள்.

மூன்று வாரம் சனி, ஞாயிறெல்லாம் அத்தை காரோடு மல்லுக்கட்டினாள். பழைய குழாயின் நட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. ராத்திரி எண்ணெய் விட்டு ஊறவைப்பாள், காலையில் திருகிப் பார்ப்பாள். ஒரு போல்ட் பாதியில் முறிந்து, அதன் அடித்துண்டை வெளியே எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. முழங்கை வரை கரி. நகக்கண்ணில் இருந்த கருப்பைப் பார்த்து அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்ததும் உண்டு. எனக்கு மட்டும் அத்தை ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"மொத ரவுண்டு ஒனக்குத்தான்ட்டி."

இதற்கு நடுவில் அப்பா, அத்தையைக் கேட்காமலே, விஜயதசமி அன்று சாயங்காலம் பெண் பார்க்க வரச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று வீட்டில் நடந்த சண்டை மூன்றாம் மாடி வரை கேட்டிருக்கும்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியாண்ணே?"

"ஒன்னக் கேட்டா? ஒன்னக் கேட்டுக் கேட்டுத்தான் முப்பத்தொண்ணு ஆயிருக்கு."

அத்தை போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை அன்று காலை புதுக் குழாய் இன்ஜினில் ஏறியாகிவிட்டது. நாலே நாலு நட்டு பாக்கி. அத்தை குளிக்கப் போன நேரத்தில் அப்பா ஸ்பானர் பெட்டியைத் தூக்கி வந்து பூஜையில் வைத்துவிட்டார். ஒவ்வொரு ஸ்பானருக்கும் சந்தனம், குங்குமம். கத்தரிக்கோல், காய் நறுக்கும் கத்தி, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக் கூடாது. அப்பாவின் லேப்டாப் மட்டும் பூஜைக்கு வரவில்லை. "அது பேங்க் சொத்துலா" என்றார்.

அத்தை ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"நாலு நட்டுண்ணே. அரை மணி நேரம்."

"சாமிகிட்ட வச்சாச்சு. நாளைக்குத்தான்."

"நாளைக்கு அவுக வந்திருவாகளே."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அப்பாவுக்கு வேண்டாத காரியம் என்றால் உடனே சாமியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வது என்ன நியாயம்? அத்தை மாடி வீட்டில் போய் ஸ்பானர் கேட்டாள். அங்கே ஒரு சுத்தியலும் ஒரு கட்டிங் பிளேயரும்தான் இருந்தன. அவள் திரும்பி வந்து பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றதை என்னால் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று காலையில்தான் பக்கத்துப் பஞ்சாபி வீடுகள் மூன்றில் என்னைக் கஞ்சக் பூஜைக்குக் கூப்பிட்டுக் காலைக் கழுவி, பூரியும் ஹல்வாவும் கொடுத்து, தேவியாக்கிக் கும்பிட்டிருந்தார்கள். நெற்றியில் அந்தப் பொட்டு அழியாமல் இருந்தது. தேவிக்கு யார் அனுமதி வேண்டும்? மத்தியானம் பாயசச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடே குறட்டை விட்டபோது, என் இந்திப் புத்தகத்தை நகர்த்திவிட்டுப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை உருவினேன். பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போய் அத்தையிடம் நீட்டினேன்.

அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏன் எடுத்தாய் என்று கேட்கவே இல்லை. "தங்கமே" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கார் உயிர் பெற்றது. டபடப இல்லை, அடித்தொண்டையிலிருந்து ஒரே சீரான உறுமல். நான் குதித்தேன். குதித்து முடிப்பதற்குள் பானெட்டுக்குள்ளிருந்து குப்பென்று புகை எழும்பியது.

"ஆக் லக் கயீ! ஆக்!" என்று மாடி ஆன்ட்டி தீப்பிடித்துவிட்டதாகக் கத்தினாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதண்ணே! புதுக் கொழாயில இருக்க எண்ண கருகுது, அவ்வளவுதான். தண்ணி பட்டா வெடிச்சிரும்!"

அப்பா அப்படியே நின்றார். புகை மெல்ல அடங்கியது. அத்தையின் கையில் இருந்த குங்குமம் வைத்த ஸ்பானரை அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாளியைக் கீழே வைக்கவில்லை.

அத்தை ஸ்பானரைத் தரையில் வைத்தாள். "லீக் இருக்கான்னு ஒரு ரவுண்டு பாத்துட்டு வாரேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"நானும்!" என்றேன்.

"போய் ஷூ போட்டுட்டு வா. காலுக்குக் கீழ சுடும்."

நான் ஓடினேன். திரும்பி வந்தபோது மஞ்சள் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. என்னை விட்டுவிட்டுத் திரும்பியது.

கேட்டில் உட்கார்ந்து தெருவிளக்கு எரியும்வரை அழுதேன். மறுநாள் அப்பா போனில் அந்தக் குடும்பத்திடம் தங்கைக்கு வைரல் காய்ச்சல் என்று கூசாமல் பொய் சொன்னார். அவர்களுக்காகக் கிண்டிய கேசரியை இரண்டு நாள் நாங்களே தின்றோம். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். நான்காம் நாள் புனேயிலிருந்து அத்தை போன் செய்தபோது, முதல் ரவுண்டை ஏமாற்றியவளோடு பேச மாட்டேன் என்று தரையில் புரண்டேன். அத்தையின் வாழ்க்கையே திசைமாறிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் எனக்கு என் ரவுண்டுதான் பெரிதாக இருந்தது.

'இந்தச் சம்பந்தம் வேண்டாம், நீ போகாதே' என்று தங்கையிடம் சொல்ல அப்பாவுக்கு எத்தனை நேரம் பிடித்திருக்கும்? பதினைந்து ஸ்பானருக்குப் பொட்டு வைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு குழந்தையின் கையால் ஸ்பானரை வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தையையே ஷூ போட அனுப்பினாளே, அந்தக் கோபமும்தான்.

ஸ்பானரைக் கொடுத்த மத்தியானம் நான் கார் ஜன்னலில் எம்பி என் சீட்டைப் பார்த்தேன். அதில் அத்தையின் பெரிய துணிப்பை இருந்தது. பைக்கு சீட் பெல்ட் போட்டிருந்தது. எனக்காகத்தான் பெல்ட்டைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான், வழியில் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று, சாயங்காலம் ஷூ லேஸுக்கு இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.