சாப்பிட்ட பிறகும் ஒரு பசி

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் எனக்கு இனிப்பு வேண்டும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன். டப்பாவை மூடிய கையோடு ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டால்தான் அடுத்த ஜோடிக்குக் கை வரும்.

கம்பெனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, ஜாக்கிரதை என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் டாக்டர்கள். கணவர் வெல்ல டப்பாவைப் பரண்மேல் ஏற்றினார். "நாக்கைக் கொஞ்சம் அடக்கு. சின்னப் புள்ளையா நீ?" என்றார். மகள், "வெறும் பழக்கம்மா, விட்டுப் பாரு, போய்டும்" என்றாள்.

விட்டுப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் கை நடுங்கியது, கண் செருகியது, தையல் கோணியது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "இன்னாம்மா தூக்கமா? இன்னொரு தடவை இப்படின்னா மெஷின்லேர்ந்து எடுத்து பசை தடவ அனுப்பிடுவேன்" என்றார். பசை மேசையிலிருந்து மெஷினுக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த ஞாயிறு பக்கத்து வீட்டு பாய் மகளுக்குக் கல்யாணம். பெண்கள் பந்தியில் பிரியாணியைக் கறியாகப் பார்த்து அள்ளி வைத்தார்கள். "இன்னாக்கா, இவ்ளோ கம்மியா சாப்பிட்றே!" என்று மறுபடியும் வைத்தார்கள். கடைசியில் இனிப்புக்கு, பாகில் ஊறிய மக்கன் பேடா வந்தது. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மக்கன் பேடாவை நான் வேண்டாம் என்பதா! இது வெறும் நாக்குப் பழக்கம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் கம்பெனி நர்ஸிடம் கேட்டேன். தினம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டீ. மத்தியானம் ரசம் சோறு, ஊறுகாய். "வெறும் சோறுன்னா சர்க்கரை சட்டுனு ஏறி சட்டுனு எறங்கும். அதனால உடம்பு இனிப்பு கேக்கலாம். தூக்கம் கம்மின்னாலும் கேக்கலாம்" என்றார்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். எங்கள் சட்டியில் எல்லாம் இருந்தது. முட்டை அவர் டப்பாவுக்கும் மகள் டப்பாவுக்கும் போகும். கறி அவர்கள் தட்டுக்குப் போகும். பாத்திரத்தை வழித்து, கடைசியில் நான் உட்காருவேன். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பெண்கள் சாப்பாடு இதுதான். இதைத் தின்றுவிட்டு வெல்லம் கேட்டால், பழி நாக்குக்கு!

அடுத்த நாள் முதல் இட்லி தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். என் டப்பாவுக்கும் முட்டை போனது. தையல் நேராக ஓடியது, மெஷின் என்னிடமே இருக்கிறது. இனிப்பு ஆசை அடியோடு போய்விடவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தேன். முதல் அகப்பையை என் தட்டில் ஊற்றிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். கணவர் தன் காலித் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க சாப்ட்டப்புறம்தானே நீ சாப்பிடுவே?"

"எனக்கும் இப்பதாங்க பசிக்குது" என்று சொல்லி, அகப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.