கூட்டுத்தொகை எட்டு

"டார்ச்சைக் கொஞ்சம் இப்படிக் காட்டு" என்றார் ஹாலாஸ்யம்.

விருமாண்டி காட்டினான். இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து பட்டறைக்கு வண்டி பார்க்க வந்தவர் பேனட்டுக்குள் இடுப்புவரை குனிந்திருந்தார். எஞ்சினில் நம்பர் வெட்டியிருந்த இடத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். தாளில் எண்கள் வெள்ளையாக எழும்பின. ஐந்து, சைபர், மூன்று, ஏழு, இரண்டு. கடைசியில் ஒரு ஒன்று.

ஹாலாஸ்யம் நிமிர்ந்தார். எஞ்சின் வாங்கிய பில்லைப் பிரித்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பில்லுல இந்த ஒண்ணு இல்லையேப்பா."

விருமாண்டி டார்ச்சை அணைத்தான்.

பேரையூர்ப் பக்கம் அவனுக்கு ஒரு மானாவாரிக் காடு இருந்தது. மழையை நம்பி அலுத்துப்போய் மாடுகளை விற்று, திருநகரில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த அம்பாசடரை வாங்கினான். உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் வாடகைக்கு ஓட்டினான். வருமானத்தைப் பெட்ரோலே குடித்தது. எல்லோரும் செய்கிற மாதிரி அவனும் போன மாதம் டீசலுக்கு மாறினான். எங்கோ கவிழ்ந்த வேனின் எஞ்சின். பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருக்கும் சோணைமுத்து அதைப் பொருத்திக் கொடுத்தான். வண்டி முன்பைவிடச் சத்தம் போட்டது. ஆனால் கையில் ஏதோ மிஞ்சியது.

இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், எஞ்சின் மாற்றியதைச் சொல்லவேண்டாம், பழைய பாலிசியையே புதுப்பித்துக்கொள் என்றார்கள். விருமாண்டி கேட்கவில்லை. அவனோடு ஸ்டாண்டில் நின்ற பேயாண்டி அப்படித்தான் செய்தான். செக்கானூரணியில் ஒரு சைக்கிள்காரன்மேல் வண்டி ஏறியபோது, பாலிசியில் இருப்பது வேறு எஞ்சின் என்று சொல்லிக் கம்பெனி கைவிரித்தது. கோர்ட்டு சொன்னதைக் கட்டப் பேயாண்டி காட்டை விற்றான். இப்போது அதே காட்டில் கூலிக்குக் களை எடுக்கிறான். விருமாண்டிக்கும் இருப்பது ஒரே காடு. பழைய பாலிசி இன்றோடு முடிகிறது.

"அது நாங்க வெட்டுனது சார்" என்றான்.

"நாங்கன்னா யாரு?"

சோணைமுத்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தான். விருமாண்டி அவனையே பார்த்தான்.

"என்னைய ஏண்ணே பாக்குற? நீதான வெட்டச் சொன்ன."

"கூட்டிப் பாருங்க சார். அந்த ஒண்ணு இல்லாட்டி எட்டு வருது" என்றான் விருமாண்டி.

ஹாலாஸ்யம் உதடு அசைய விரல்விட்டுக் கூட்டினார். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

"ஒண்ணு சேத்தா ஒம்போது" என்றான் சோணைமுத்து உதவியாக.

"ஒம்போது நல்ல நம்பர்தான். என் ஸ்கூட்டரே ஒம்போதுதான். அதுக்காக எஞ்சின்ல வெட்டுவாளா? போலீஸ்காரன் பாத்தா திருட்டு எஞ்சின்னுதான் சொல்லுவான். நம்பர் பிளேட்டுன்னாலும் சரி. உள்ள கிடக்கிறது யாருக்குத் தெரியப் போறது?"

"எம் பொண்டாட்டிக்குத் தெரியும் சார். பில்லக் கூட்டிப் பாத்ததே அவதான்."

அன்னக்கொடியின் அண்ணன் சுடலை லாரியில் அடிபட்டுச் செத்தவன். எழவு வீட்டில் யாரோ அந்த லாரியின் நம்பரைக் கூட்டி எட்டு என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் எதையும் கூட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. கரண்டு மீட்டரைக் கூட விடவில்லை. புது எஞ்சினுக்குச் சந்தனம் வைக்கமாட்டேன் என்று இரண்டு நாள் அவள் சோறு பொங்காமல் கிடந்தபிறகுதான் சோணைமுத்து உளியை எடுத்தான்.

ஹாலாஸ்யம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "முழு இன்சூரன்ஸ் உனக்குக் கட்டுப்படியாகாது. வண்டியை மாத்தினதுக்குன்னு மேல ஒரு தொகை போடுவா. தேர்டு பார்ட்டி போதும். நீ யார்மேலயாவது ஏத்தினா கம்பெனி குடுக்கும். உன் வண்டி நசுங்கினா நீயே தட்டிக்கணும். ஆனா அதுக்கும் எஞ்சின்ல இருக்கிற நம்பர் ஆர்.சி. புக்குல ஏறியிருக்கணும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்டப் போய் உள்ளதைச் சொல்லு. அவர் முன்னாடி அந்த ஒண்ணை அடிச்சுட்டா, பில்லைப் பாத்து எழுதிக் குடுப்பார்."

"வேற நம்பர் கேக்க முடியாதா சார்?"

"கேக்கலாம். மெட்ராசுக்கு எழுதிப் போடுவா. வர்றவரைக்கும் வண்டி நிக்கணும்."

"நிக்கிற வண்டிய எட்டு என்னண்ணே செய்யும்? இன்சூரன்சும் மிச்சம்" என்றான் சோணைமுத்து.

"வாய மூடுறா."

விருமாண்டி பேனட்டை மூடினான். பிறகு சோணைமுத்துவையும் உளியையும் சுத்தியலையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். முழுவதும் கேட்டபிறகு வாசலில் நின்ற ஜீப்பைக் காட்டினார்.

"உள்ள வரும்போது அதையும் கூட்டியிருப்பியே?"

"ஆமா சார்."

"எம்புட்டு?"

விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"சும்மா சொல்லுய்யா."

"எட்டு சார்."

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

பில்லை வாங்கிப் பார்த்தார். வேன்காரனின் விலாசத்தை எழுதிக்கொண்டார். இன்னொரு முறை எஞ்சினில் உளி பட்டால் வண்டி ஸ்டேஷனில்தான் நிற்கும் என்றார். எழுந்து வந்து பேனட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அடி" என்றார்.

சோணைமுத்து சுத்தியலை விருமாண்டியிடம் நீட்டினான். "நீயே அடிண்ணே. உன் வீட்டம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

விருமாண்டி உளியைக் குறுக்காக வைத்து அடித்தான். திருப்பி வைத்து இன்னொன்று அடித்தான். ஒன்றின்மேல் பெருக்கல் குறி விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஆர்.சி. புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விருமாண்டி போய்ச் சேர்ந்தபோது இன்சூரன்ஸ் ஆபீஸில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ஹாலாஸ்யம் அவனுக்காக ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைக்கச் சொல்லி, தேர்டு பார்ட்டி பாலிசியைப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அன்னக்கொடி முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்து வந்தவன், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்.

"அந்த ஒண்ண அடிச்சாச்சு."

முறம் நின்றது. "அப்ப எட்டா?"

"எட்டுதான்."

"எங்கண்ணன் போனது பத்தாதா?"

"பேயாண்டி எதுக்குக் களை எடுக்குறான்னு யோசி. நாளைக்கு யார்மேலயாச்சும் மோதிட்டா, காடாவது நிக்கும்."

"காடு நிக்கும். நீ?"

அவள் பயறிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள்.

"நாளைக்கு ஆத்தா வீட்டுக்கு நான் பஸ்ஸுல போறேன்."

"போ. யாரு வேணாம்னா?"

மறுநாள் காலையில் அன்னக்கொடி உசிலம்பட்டியில் பேரையூர் பஸ் ஏறினாள். கூட்டமாக இருந்ததால் பஸ்ஸின் நம்பரை அவள் பார்க்கவில்லை. விருமாண்டி ஒரு பிரசவ கேஸை மதுரை பெரியாஸ்பத்திரியில் இறக்கினான். திரும்பும்போது ஆட்டு வியாபாரிகள் இரண்டு பேர் கிடைத்தார்கள். நாகமலைக்கு அப்பால் டயர் பஞ்சரானது. இறங்கி ஸ்டெப்னியை மாற்றினான். வியாபாரிகள் புளியமரத்தடியில் பீடி குடித்தார்கள். மத்தியானத்துக்குமேல் சவாரி இல்லை. சாயங்காலம் வெயில் இறங்கியதும் வண்டியைக் கழுவி, பேனட்டைத் திறந்து எஞ்சினையும் துடைத்தான். சந்தனம் கரைக்க ஆள் இல்லை. கடையில் திருநீறு பொட்டலம் வாங்கி வந்து தானே பூசினான்.