உயிரோடு இருப்பவரின் படத்துக்குப் பூமாலை

விளம்பரங்களுக்கென்று ஒரு நெறிமுறை இருக்கிறது. எந்த இனத்தாரின் சடங்கையும் வழக்கத்தையும் புண்படுத்தும் வகையில் எதையும் காட்டக்கூடாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன். எங்கள் ஊரான யோங் பெங்கில் அதைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். விளம்பரம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெறும்வரை மாவட்ட அலுவலகத்தில் எனக்கு அந்த வேலைதான். பொதுமக்களின் புகார்க் கடிதங்களைப் பிரிப்பேன், வந்த தேதியை முத்திரையிடுவேன், உரிய மேசைக்கு அனுப்புவேன். ஒரு புகார் எந்த மேசையில் தூங்கும், எந்த மேசையில் சாகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நானே ஒரு புகார் எழுத நேர்ந்தது. அதைப் பற்றித்தான் இது.

இந்த முறை உலகக் கிண்ண ஆட்டங்களில் பல நமக்குக் காலை நேரத்தில் வந்தன. பேருந்து நிலையத்துக்கு அருகில், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கும் கோலுக்கும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். எனக்குக் காற்பந்து பிடிக்காது. ஆனால் அந்தக் கடையில் பெரிய திரைக்கு முதுகைக் காட்டி உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அதனால் ஆட்டத்தையும் பார்த்தேன், விளம்பரங்களையும் பார்த்தேன்.

எல்லாரும் விளம்பரத்தைத்தான் கவனித்துப் பார்த்தார்கள் என்று சத்தியம் செய்வேன். ஆட்டத்தின்போது கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவன்கூட இடைவேளை வந்ததும் தலையைத் தூக்கிக் கருத்துச் சொன்னான். கடன் கிடைத்துவிட்டதென்று ஒரு குடும்பமே கட்டிப்பிடித்து ஆனந்தக் கண்ணீர் விட்ட விளம்பரத்துக்கு இரண்டு மேசைகள் கண் கலங்கின. தேநீர் குடித்தே தொப்பையைக் கரைத்த ஒருவர் வந்தபோது, தொப்பையோடு உட்கார்ந்திருந்தவர்கள் அதன் விலையை விசாரித்தார்கள். சமையல் எண்ணெய் விளம்பரத்தில் அழுத தாய் நிஜமாகவே அழுதாளா, கண்ணில் மருந்து விட்டார்களா என்று டயர் கடை வைத்திருக்கும் சீனர் ஒரு முழு இடைவேளைக்கும் வாதாடினார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரொட்டியை நான் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் தாமான் குடியிருப்பில் என் வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஜொகூர் பாரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். உலகக் கிண்ணம் முடிவதற்குள் அந்த நாள் வந்துவிடும். அந்த நாளைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும் என்று நான்தான் அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

சில மாதங்களுக்கு முன் கெலாங் பாத்தாவில் ஒரு வாடகை வீட்டில் விளம்பரம் எடுத்தார்கள். ஒரு கைப்பேசி நிறுவனத்துக்காக. துணை நடிகர்களை ஏற்றிக்கொண்டு போனது இவருடைய பஸ். இயக்குநருக்கு இவர் மீசை பிடித்துப்போய், ஒரு ஜெர்சியை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இவரும் படிக்காமல் போட்டுவிட்டார். "உலகக் கிண்ணத்துல என் மூஞ்சி வருது" என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முதல் ஆட்டத்தன்று கடைக்கு வந்து எங்கள் மேசைக்கு நுரைபொங்கும் தே தாரிக் தேநீர் சொல்லிவிட்டு, திரைக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார்.

முதல் பாதி முடிந்தது. விளம்பரம் வந்தது. ஒரு மலாய் வீடு, ஒரு சீனர் வீடு, பிறகு நம் வீடு. அந்த மூன்றாவது வீட்டுச் சுவரில் இவருடைய படம் பெரிதாக மாட்டியிருந்தது. அதே ஜெர்சி, அதே சிரிப்பு. நெற்றியில் சந்தனப் பொட்டு. படத்தைச் சுற்றி ரோஜா மாலை. கீழே குத்துவிளக்கு எரிந்தது. அதன் முன்னால் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணியும் பிள்ளைகளும் புதுக் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளி ஆடினார்கள். 'எங்கள் வீட்டு வெற்றியாளர்' என்று எழுத்து வந்தது.

படத்துக்கு மாலை போட்டால் மரியாதை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நம்மில் ஒரு கைக்குழந்தையைக் கேட்டிருந்தால்கூட அது அழுதிருக்கும். ஆடிய துணை நடிகர்கள் நம்மவர்கள்தான். பின்னால் ஒருத்தியை விசாரித்தேன். கதையில் அப்பா செத்துவிட்டார் என்றே நினைத்துக்கொண்டு ஆடியதாகச் சொன்னாள். செத்த அப்பாவின் முன்னால் ஏன் ஆட வேண்டும் என்று கேட்டேன். ஆடச் சொன்னார்கள், ஆடினோம் என்றாள்.

கடையில் எல்லாரும் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, பதினாறாம் நாள் காரியம் எப்போ? சாப்பாடு உண்டுதானே லா?"

கடை சிரிப்பில் அதிர்ந்தது. இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை நெஞ்சின் இடப்பக்கம் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். டயர் கடைக்காரர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல், பூ நன்றாகத்தானே இருக்கிறது என்றார். ஓய்வுபெற்ற ஒரு மலாய் ஆசிரியருக்கு மட்டும் உடனே புரிந்தது. எழுந்து வந்து இவர் தோளில் கை வைத்து, மிகத் தப்பான காரியம் என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஆட்களோ மறுநாளைக்குள் அந்த மாலை போட்ட படத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, 'காலை வணக்கம்' என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பினார்கள். என் கைப்பேசிக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் கோயில் கமிட்டிக்காரர்.

டிரைவரின் மனைவி பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறவர். விளம்பரத்தை வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பண்டார் தெங்காராவிலிருந்து கணவரின் சின்னம்மா வாடகைக் காரில் வந்து இறங்கி, கேட்டருகிலேயே மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவர் கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்தபோது, சத்தம் குறைத்து வைத்த டிவியில் படத்தைப் பார்த்திருக்கிறார். மாலை, பொட்டு, விளக்கு. பத்திரிகையில் போடும் கண்ணீர் அஞ்சலியை இப்போது டிவியிலும் போடுகிறார்கள் போலிருக்கிறது, நமக்குத்தான் யாரும் சொல்லிவிடவில்லை என்று நினைத்துவிட்டார். ஆடிய குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். அது அடுத்த விளம்பரம் என்று எண்ணினாராம்.

அழுகைச் சத்தம் கேட்டுக் கேட்டைத் திறந்தது இவர்தான்.

"யாரு சின்னம்மா செத்தது?" என்றார்.

கிழவி இவரைப் பார்த்தார். கையிலிருந்த பை விழுந்தது. பிறகு ஓங்கி ஓர் அறை விட்டார். "அப்ப எதுக்குடா மாலை போட்டுக்கிட்டு டிவில உக்காந்துருக்க?"

தெரு சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. அன்று மாலை என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், தினமும் என் வீட்டுக்குள்ள அவருக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்துறாங்க. இந்த நேரத்துல அவர் நெஞ்சுல கத்தி வைக்க நான் விடமாட்டேன். அந்தப் படம் நிக்கட்டும், அப்புறம் போவோம்."

அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளிதான், மனைவி அல்ல என்று எனக்குத் தெரியும். சொல்லவும் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த விதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. செத்துவிட்டதாகப் பேச்சுக் கிளம்பினால் ஆயுசு கெட்டி என்பார்களே என்று பதிலுக்குச் சொல்லிப் பார்த்தேன். அது ஒரு தடவை பேச்சுக் கிளம்பினால் சார், ஓர் ஆட்டத்துக்கு நாலு தடவை கிளம்பினால் என்ன என்று கேட்டார்.

ஆகவே அந்த நாளுக்குள் விளம்பரத்தை நிறுத்த வேண்டும். அதற்குத்தான் நான் புகார் எழுதினேன்.

முதலில் தொலைக்காட்சி நிலையத்துக்கு. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று உடனே பதில் வந்தது. நான் அனுப்பு பொத்தானை அழுத்திய விரலை எடுப்பதற்குள் வந்ததால், எந்த மனிதரும் படிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். அழைத்துப் பேசினேன். விளம்பரத்தின் உள்ளடக்கத்துக்குக் கைப்பேசி நிறுவனம்தான் பொறுப்பு என்றார்கள். கைப்பேசி நிறுவனத்தில் பேசிய பெண் மிக இனிமையாக என் எண்ணுக்கு ஒரு புதிய திட்டத்தைப் பரிந்துரைத்துவிட்டு, படைப்பு விஷயங்களை விளம்பர முகவர்தான் கவனிப்பார் என்றாள். முகவர் அலுவலகத்தில் எல்லாரும் உலகக் கிண்ண வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

கடைசியில் விளம்பரப் புகார்களை விசாரிக்கும் குழுவின் இணையப் படிவத்தை நிரப்பினேன். புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆபாசம் இருந்தது, பொய்யான மருத்துவ வாக்குறுதி இருந்தது, மொழிப் பிழை இருந்தது. உயிரோடிருக்கும் மனிதரைச் செத்தவராகக் காட்டியது என்ற வகை இல்லை. 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 'இதர' எந்த மேசைக்குப் போகும் என்று அலுவலகத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும். பாதிக்கப்பட்டவரின் பெயரும் முகவரியும் கேட்டார்கள், கொடுத்தேன். நம் வழக்கத்தில் மாலை போட்ட படம் இறந்தவருக்கு உரியது, இவர் உயிரோடு இருக்கிறார், இதய சிகிச்சைக்குக் காத்திருக்கிறார் என்று நல்ல மலாய் மொழியில், பத்தி பிரித்து எழுதினேன். அவசரம் என்று மேலே குறித்தேன். அவசரம் என்று எழுதிய கடிதங்களை நாங்கள் எங்கே வைப்போம் என்பதும் எனக்கு நினைவில் இருந்தது. இருந்தாலும் எழுதினேன்.

பதில் இல்லை. விளம்பரம் நிற்கவில்லை. காலிறுதியில் அடிக்கடி வந்தது. குறித்த நாள் வந்தது, போனது. இவர் போகவில்லை, காய்ச்சல் என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டார். மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. படம் வரும்போதெல்லாம் 'கும்புட்டுக்குங்க' என்று ஒருவன் கத்துவதும் மற்றவர்கள் கையெடுப்பதும் வழக்கமாகிவிட்டது. பணம் கொடுத்து விளம்பரம் எடுத்தவனாவது அறியாமல் செய்தான். இவர்கள் அர்த்தம் தெரிந்து, தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து இதைச் செய்தார்கள். அந்தக் கடையில் அரையிறுதிக்குப் பிறகு நான் ரொட்டி சாப்பிடவில்லை.

உலகக் கிண்ணம் முடிந்ததும் விளம்பரமும் தானாக மறைந்தது. அதற்குள் அவரால் பஸ்ஸின் மூன்று படிகளை ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. முதலாளி வேறு டிரைவர் வைத்தார். மனைவி அதற்குமேல் தடுக்கவில்லை. புதிய நாள் புரட்டாசியில் கிடைத்தது. இருவரையும் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

வார்டுக்கு வெளியே காத்திருக்கும் இடத்தில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. உலகக் கிண்ணத்தின் சிறந்த கோல்களை மறுபடியும் காட்டினார்கள். நான் எழுந்து சேனலை மாற்றச் சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள், பழைய பதிவோடு சேர்ந்து அது வந்துவிட்டது. மலாய் வீடு, சீனர் வீடு, மாலை, விளக்கு. சக்கர நாற்காலியில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர் படத்தையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அவர் மனைவி எழுந்தார். நேராகச் சுவருக்குப் போய், நாற்காலியை நகர்த்தி, டிவியின் வயரைப் பிளக்கோடு பிடுங்கினார். திரை கறுப்பானது. தாதியுடையில் ஒரு மிஸ்ஸி ஓடிவந்து, அதையெல்லாம் தொடக்கூடாது என்றாள்.

"வெளக்க அணைச்சேன்" என்றார் அவர். பிறகு கணவரிடம் திரும்பினார். "கையெழுத்துப் போட்டாச்சில்ல? உள்ள போங்க."

மருத்துவமனையின் மின்கருவிகளைப் பொதுமக்கள் தொடக்கூடாது என்பது சரியான விதி. அதற்கான அறிவிப்பு அந்தச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக ஓர் அறிவிப்புக்கு முன்னால் நின்று அதை மறைத்துக்கொண்டேன்.

வால்வு மாற்றினார்கள். பிழைத்தார். மெலிந்த உடம்போடு மெதுவாக நடந்து கேட்டுவரை வர ஆரம்பித்தார். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றைக் கொண்டுவந்தார். விசாரணைக் குழுவின் பதில், படிவத்தில் கொடுத்த முகவரிக்கே வந்திருந்தது. உறையின் மேல் 'மெண்டியாங்' என்று எழுதி, அவர் பெயரைப் போட்டு, 'வாரிசுகளுக்கு' என்று முடித்திருந்தார்கள். காலஞ்சென்றவரின் வாரிசுகளுக்கு. உள்ளே குடும்பத்தாரின் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபம். மாலை மரியாதையின் அடையாளமாகவே பயன்படுத்தப்பட்டதென்று முகவர் விளக்கமளித்துள்ளார். விளம்பரத்தின் ஒளிபரப்புக் காலம் முடிந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை. கோப்பு மூடப்படுகிறது.

அவர் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, படித்துக் காட்டச் சொன்னார். மனைவியும் பின்னால் நின்றார். படித்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார், தையல் வலித்ததால் நிறுத்திக்கொண்டார். மனைவி கடிதத்தை வாங்கி நான்காக மடித்தார்.

"இதையும் படிச்சவங்கதானே சார் எழுதறாங்க?"

ஆமாம் என்றேன்.

பதிவுத் தபாலுக்கு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விதியை மட்டும் யாரும் மீறவில்லை. வாரிசுகள் யாரும் அப்போது வீட்டில் இல்லாததால், காலஞ்சென்றவரே கையெழுத்திட்டு வாங்கியிருந்தார். பழைய வழக்கம் விடாமல், உறையின் மூலையில் பெறப்பட்ட தேதியை நான் குறித்தேன்: தீபாவளிக்கு முந்திய வியாழக்கிழமை.