டீக்கடைக் கரும்பலகையில் கங்கை

போன செவ்வாய்க்கிழமை என் மகள் நித்யாவுக்கு அலிப்பூரில் இன்டர்வியூ. பதினோரு மணிக்கு. எட்டு மாதத்தில் வந்த ஒரே அழைப்பு. விடிந்ததிலிருந்து மழை... நான் பதறவே இல்லை. எங்கள் பவானிபூர் சந்து முனையில், ஹாராதன்தா டீக்கடையில், ஒரு கரும்பலகை இருக்கிறதே!

அதில் தினமும் கங்கையில் ஜோயார் — அதாவது நீர் ஏறும் நேரம் — எழுதியிருக்கும். எழுதுகிறவர் பக்கத்து வீட்டு சுப்ரமணியம் சார்; கப்பல் ஏஜென்சியில் வேலை, அங்கே கிடைக்கும் நீரேற்ற நேரப் புஸ்தகத்தைப் பார்த்து எழுதுவார். நீர் ஏறினால் சாக்கடை மதகுகளை மூடிவிடுவார்கள். அப்போது மழையும் பெய்தால் எங்கள் சந்து குளம்தான். நீரேற்ற நேரம் ஒரு ஆபீசில், மழைத் தண்ணீரை இறைக்கும் பம்ப் விவரம் இன்னொரு ஆபீசில். இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பேசுகிற ஒரே இடம் டீக்கடை!

பலகையில் ஏழரை என்று இருந்தது. "பத்துக்குள்ள வடிஞ்சிடும்மா, நிதானமா தோசை சாப்பிடு" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

பத்து மணிக்கு இடுப்பளவு தண்ணீர். டாக்ஸி கிடையாது. ஒரு கை ரிக்‌ஷாக்காரரைக் கெஞ்சி, அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. எல்லாம் முடிந்துவிட்டது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விசாரித்தால்... சார் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருக்கிறார். பலகையில் இருந்தது சனிக்கிழமை நேரம்!

அவர் திரும்பி வந்ததும் டீக்கடையிலேயே பிடித்துக்கொண்டேன். நித்யாவும் கூட இருந்தாள்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா சார்? அந்த நேரப் புஸ்தகத்தை யார்கிட்டயாவது கொடுத்திருக்கலாமே!"

"அஞ்சு வருஷமா எழுதறேன். இது எங்கேர்ந்து வருதுன்னு ஒருத்தர் கேட்டதில்லை." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஜோயார் தினமும் முக்கால் மணி தள்ளிப் போகும்னு உங்களுக்கே தெரியும். ஞாயிறு, திங்கள், செவ்வாய்... மூணு நாளும் இங்கதானே டீ குடிச்சீங்க? அதே ஏழரை இருந்துதே, பாக்கலையா?"

பார்த்தேன். திங்கட்கிழமையே உறுத்தியது. யாராவது மாற்றுவார்கள் என்று வந்துவிட்டேன்.

நித்யா அவரிடம் அந்தப் புத்தகத்தை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து, கடையில் ஆணி அடித்து மாட்டினாள். இனி காலையில் முதல் டீ குடிப்பவர் அதைப் பார்த்துப் பலகையில் நேரத்தையும் தேதியையும் எழுத வேண்டும். நனைந்து வருகிறவர், எந்த முனையில் எத்தனை தண்ணீர் என்று எழுத வேண்டும். எழுதாதவருக்கு டீ கிடையாது என்பதில் ஹாராதன்தா படு கறார்.

ஓசியில் படிக்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு — இது என் மண்டையில் ஏற, என் மகள் ஒரு இன்டர்வியூவை இழக்க வேண்டியிருந்தது!